நடுவில் நிற்கும் வீடு

"வந்துடுச்சா?" என்று கேட்டார் என் கணவர்.

தன் ஃப்ரிட்ஜைத் திறந்து, குனிந்து, எதையோ தேடுவதுபோல் நின்றபடி கேட்டார். என் ஃப்ரிட்ஜ் இந்தப் பக்கம், கதவை ஒட்டி. ஒரே சமையலறையில் இரண்டு. நடுவில் ஒருவர் நிற்கத்தான் இடம்; அவர் உள்ளே இருந்தால் நான் வாசலில் காத்திருப்பேன்.

அவர் கேட்டது இந்த மாத எண்ணை.

நகரத்தின் விற்பனை வரி அலுவலகத்தில் எனக்கு வேலை. மாதந்தோறும் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்பேன். வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன, கடைகளிலிருந்து எவ்வளவு வரி வருகிறது. இரண்டுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்கு அலுப்பே வராது.

ஒரு வீடு கைமாறினால் வீடு மட்டுமா விற்கிறது? வாங்கியவர் முதல் வேலையாகப் பூட்டை மாற்றுவார். பழைய ஜன்னலுக்குத் தைத்த திரைச்சீலை புது ஜன்னலுக்கு எட்டாது. சுவரின் நிறம் வீட்டில் யாருக்காவது பிடிக்காமல் போகும். பழைய கட்டில் மாடிப்படியில் திரும்பாது. மூன்று மாதத்துக்குள் அந்தக் குடும்பம் கடை கடையாக ஏறி இறங்கிவிடும். ஒவ்வொரு ரசீதிலும் ஒரு துளி வரி. அந்தத் துளிகளில்தான் தெருவிளக்கு எரிகிறது.

வீடு விற்காவிட்டால் பெயின்ட் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து தூங்கி வழிவார். அப்புறம் தெருவிளக்கும்.

வீட்டு விலைக்கு நாங்கள் சராசரி எடுப்பதில்லை. எடுத்தால் ஒரே ஒரு பங்களா ஊரையே பணக்கார ஊராக்கிவிடும். அந்த மாதம் விற்ற வீடுகளை விலைப்படி வரிசையாக நிறுத்தி, நட்ட நடுவில் நிற்பதைப் பிடிப்போம். அதன் விலைதான் எண். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு.

எங்கள் பகுதியின் எண்ணைத்தான் அவர் கேட்டார்.

விலை உச்சியில் இருந்தபோது இந்த வீட்டை வாங்கினோம். மறு வருடமே சரிந்தது. பிரிந்துவிடலாம் என்று முடிவெடுத்தது அதற்கும் மறு வருடம். பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பேச்சு மிச்சமில்லை. ஆனால் அன்றைய விலைக்கு விற்றால், கிடைக்கும் பாதியில் இருவருக்குமே ஓர் ஒற்றை அறை வீடுகூடத் தேறாது.

அதனால் ஓர் ஏற்பாடு. எண் நாங்கள் வாங்கிய விலையைத் தொடட்டும். தொட்ட மாதமே விற்றுவிடுவது. ஆளுக்குப் பாதி, ஆளுக்கொரு திசை.

அந்த வருடக் கணக்கில் ஒரு விசித்திரம். வீடுகள் விற்கவில்லை. பூட்டு, திரைச்சீலை, பெயின்ட், கட்டில் எல்லாம் படுத்துவிட்டன. ஃப்ரிட்ஜ் மட்டும் ஏறியிருந்தது. என் மேலதிகாரி தாளைத் தூக்கிக் காட்டி, என்னம்மா இது, ஊரில் எல்லோரும் ஃப்ரிட்ஜுக்கு ஜோடி தேடுகிறார்களா என்று கேட்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கடும் கோடைதான் காரணம் என்று அறிக்கையில் எழுதினேன்.

காரணம் எனக்குத் தெரியும். பிரிந்துவிட்டார்கள், வீடோ விற்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் முதலில் அறைகளைப் பிரிப்பார்கள். பிறகு அலமாரிகளை. கடைசியில், யார் வாங்கிய பாலை யார் குடித்தது என்று ஒரு காலைப்பொழுதில் வந்து நிற்கும். அன்று மாலை ஒருவர் கடைக்குப் போவார்.

எங்கள் வீட்டில் போனவள் நான்.

என் கணக்கில் ஏறிய ஃப்ரிட்ஜுகளில் ஒன்று என்னுடையது. மற்றவை எந்தெந்தச் சமையலறைகளில் மாறி மாறி உறுமிக்கொண்டிருக்கின்றன என்று படுக்கையில் கிடந்தபடி யோசிப்பேன். பக்கத்து அறையில் அவர் இருமுவது கேட்கும்.

எண் வந்துவிட்டால் வீடு போகும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலையில் இவர் கேட்கும் இந்த ஒற்றைச் சொல்லும் அதோடு போகும். மற்ற நாட்களில் தண்ணீர் வரவில்லை, பல்பு போய்விட்டது என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. அதுவும் துண்டுச் சீட்டில்.

"இன்னும் இல்ல. கொஞ்சம் குறையுது," என்றேன்.

அவர் தலையாட்டினார். எவ்வளவு குறைகிறது என்று கேட்கவில்லை. ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை மூடினார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். தோள் படாமல் கடந்துபோக இருவருக்கும் பழகிவிட்டது.

எண் எங்கள் விலையைத் தொட்டு நான்கு மாதமாகிறது.

அவர் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுத்துப் பிழையைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். எண்ணை மட்டும் அது புறப்பட்ட இடத்திலேயே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அதனால் முதல் திங்கட்கிழமைகளில் அறிக்கை வெளியானதும் அங்கிருந்து எங்கள் அலுவலகத்துக்கு போன் வரும்.

அங்கே போன் போடுவது இவர். எங்கள் பிரிவில் அதை எடுப்பது நான். அவர் 'மேடம்' என்பார். 'சொல்லுங்க' என்பார்.

இன்று காலையும் ஒவ்வொரு பகுதியாக, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

எங்கள் பகுதி வந்தபோது மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.