நெட்டில் தட்டிய பந்து

மணவாளக்குறிச்சி மணல் மைதானத்தில் மாலை வெயில் வாலிபால் நெட்டின் நிழலை நீளமாகச் சாய்த்துப் போட்டிருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகு ஜக்கரியா இன்றுதான் மறுபடியும் ஆட்டத்துக்குள் நிற்கிறார். வலது கால் மணலில் நடுங்குகிறது. மாதக்கணக்காக அவருக்கு நிற்கவும் நடக்கவும் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் அஸ்வதி கைக்கெட்டும் தூரத்தில், அவரைத் தொடாமல் நிற்கிறாள். "காலை அகட்டி வைங்க அண்ணே. நேரா பாருங்க." ஜக்கரியா சர்வீஸ் போடுகிறார். உடம்பு ஒருபக்கம் சாய்கிறது, ஆனால் விழவில்லை. பந்து நெட்டில் தட்டி அவர் பக்கமே உருண்டு வருகிறது. எதிரணியில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். "பாயிண்டு ஒனக்குத்தான் மக்கா" என்கிறார், பள்ளி நாளிலிருந்து அவருக்கு எதிரில் ஆடிவரும் சிவபிரசாத். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து தட்டுகிறார்கள். ஜக்கரியா சிரிக்கவில்லை. குழறும் நாக்கால் மெதுவாகச் சொல்கிறார்: "பந்து நெட்டுல தட்டிட்டுலே. பாயிண்டு ஒங்களுக்கு. ஒழுங்கா வெளயாடு." கைதட்டல் அடங்குகிறது. அஸ்வதி குனிந்து மணலைப் பார்க்கிறாள். சிவபிரசாத் பந்தை வாங்கிக்கொண்டு, நெட்டுக்கு அந்தப் பக்கம் கைகளை விரித்துக் காத்து நிற்கும் நண்பனைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு சர்வீஸ் போடுகிறார், ஜக்கரியா நிற்காத மூலைக்கு.