துறைமுகம் பாய்

“ரெண்டு பேர் உட்கார்ற மேஜையா கேளுங்க. ஒத்தை ஆள்னு சொன்னா உள்ளே சுவரோரமா உட்கார வெச்சிடுவாங்க. கடலே தெரியாது.”

நெவார்க் விமான நிலையத்தில் உட்கார்ந்து செய்தியைப் படித்த அபுதாஹிர், எதிரில் ஆள் இருப்பதுபோல் தலையாட்டினான். துறைமுகம் பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தமிழர்களின் இணையப் பயணக் குழு ஒன்றில் அவன் கேட்டிருந்தான். துருக்கியில் அன்டால்யாவுக்குப் போகிறேன், பழைய ஊருக்குள் எங்கே சாப்பிடலாம், நல்ல காபி எங்கே கிடைக்கும்?

பாதிப் பேர், ‘எனக்கும் சொல்லுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். உருப்படியாகப் பதில் சொன்னது ‘துறைமுகம்’ என்ற பெயரில் இருந்த ஒருவர்தான். முகம் இல்லை, ஒரு காபிக் கோப்பைப் படம் மட்டும்.

இங்கிலீஷ் கலக்காமல் தமிழிலேயே டைப் செய்தார். அந்த ஊரில் கடை கிடை வைத்துக் குடியேறிவிட்ட வயசாளி என்று அபுதாஹிர் முடிவுகட்டி, ‘பாய்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அவரும் மறுக்கவில்லை. ஆபீஸ் முடிந்து பார்சிப்பனி அபார்ட்மென்டின் கதவைத் திறந்தால், பிறகு படுக்கும்வரை அவன் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான்.

போன் அடித்தது. எடிசனிலிருந்து வந்து அவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் போன நண்பன் ஜுஹைர்.

“செக்யூரிட்டி முடிஞ்சுதா பாய்? ஆமா, எல்லாரும் ஜோடியா போற ஊருக்கு நீங்க மட்டும் சிங்கிளா போய் என்ன பண்ணப் போறீங்க?”

“கடல் இருக்குல்லடா, அது போதும்.”

“கடல் வந்து உங்களை போட்டோ எடுக்குமா? சரி சரி, முறைக்காதீங்க, போன்லயே தெரியுது. ஹேப்பி ஜர்னி!”

சிரித்தபடி போனை வைத்தவனுக்கு, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்துபோய்ச் சாப்பிட ஏதாவது வாங்கினான். கவுன்ட்டரில் விதைகள் தூவிய பேகல் ரொட்டிதான் சூடாக இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறிப்போயிருந்த வெறும் பேகலைக் கை காட்டினான்.

மனைவி கமருன்னிசா கூட இருந்திருந்தால், ஃப்ளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுவந்திருப்பாள். ஒவ்வொரு சம்மரிலும், “இந்த வருஷமாவது அன்டால்யா போலாமா மச்சான்?” என்று கேட்பாள். ஒவ்வொரு சம்மரிலும் அவனுக்கு ஏதாவது ஒரு புராஜெக்ட் ரிலீஸ் இருக்கும். போன வருஷம் அவள் கேட்கவில்லை. ஃபிரிஸ்கோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பேகலைப் பாதியில் மூடி வைத்தான். டைப் செய்தான்.

“பாய், போகாம வீட்டுக்குத் திரும்பிடலாம்னு தோணுது.”

“ஏன்?” உடனே பதில் வந்தது.

“எதிர்ல காலி நாற்காலியைப் பாத்துக்கிட்டு எப்படிச் சாப்பிடறது?”

இந்த முறை பதில் வர நேரமாயிற்று. அபுதாஹிர் மணி பார்த்தான். இங்கே மாலை ஏழு.

“அங்கே ராத்திரி ரெண்டு மணி இருக்குமே. தூங்கிட்டீங்களா பாய்?”

“தூக்கம் எங்கே வருது.”

“எத்தனை வருஷமா அங்கே இருக்கீங்க?”

“பத்து வருஷமா மனசு அங்கேதான்.” அடுத்து, நீளமாக ஒன்று வந்தது.

“முதல்ல ஊர் போய்ச் சேருங்க. ஹேட்ரியன் வாசல் வழியா உள்ளே போய், கால் வலிக்க நடங்க. கீழே பழைய துறைமுகம் தெரியற மாதிரி ஒரு தேநீர்த் தோட்டத்துல உட்காருங்க. காபிக்கு ‘ஓர்தா’ன்னு சொன்னா சர்க்கரை அளவா போடுவாங்க. அவசரப்பட்டுக் குடிக்காதீங்க, மண்டி அடியில படியட்டும். மதியம் கோஃப்தா நல்லாருக்கும். கூட பியாஸ்னு பீன்ஸ் சாலட் வைப்பாங்க, அது உங்களுக்கு வேணாம். அந்த ஊர்ல அதுல எள்ளு அரைச்சு ஊத்துவாங்க. மீன் எது வேணாலும் சாப்பிடுங்க. கடல் தெரியற நாற்காலியைக் காலியா விட்டுட்டு, எதிர் நாற்காலியில உட்காருங்க.”

ஒலிபெருக்கியில் அவன் விமானத்துக்கு அழைத்தார்கள். மற்றவர்கள் குழந்தைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். அபுதாஹிர் அரை மனதோடு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

அன்டால்யாவில் நெட் கிடைக்குமோ கிடைக்காதோ என்று, அந்தச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டான். வரிசை நகர நகர இன்னொருமுறை படித்தான். ஒரு வரியில் கண் நின்றது.

செய்திகளை மேலே தள்ளினான். மூன்று வாரத்துப் பேச்சையும் முதல்நாள்வரை பார்த்தான். குழுவில் கேட்ட கேள்வியையும் திறந்து பார்த்தான். எங்குமே அவன் எழுதியிருக்கவில்லை.

“பாய், எனக்கு எள்ளு ஒத்துக்காதுன்னு நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

திரையில் மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன.

முன்னால் இருந்தவர் உள்ளே போய்விட்டார். போர்டிங் பாஸுக்காகக் கையை நீட்டிய பெண்ணைக் கவனிக்காமல், அபுதாஹிர் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பதினோரு வருஷம் எள்ளு படாம சமைச்சவளுக்குத் தெரியாதா, மச்சான்?”