மூன்று வெள்ளிக்கிழமைகள்

நூலகவியல் மாணவி பெனிட்டாவின் ஆறு மாதத் தொழிற்பயிற்சி அன்றோடு முடிந்தது. நூலகர் சாலமோன் மதிப்பெண் தாளை நீட்டினார். வாசகர் சேவையில் தோல்வி.

"வெளியே கொடுக்கக் கூடாத புத்தகத்தைக் கொடுத்துட்டியேம்மா."

"அந்த அக்கா மகனுக்கு இருதய ஆபரேஷன் சார். ஒரு நாள் வச்சுப் படிச்சிட்டுத் தாரேன்னு அழுதாங்க."

"அது அக்கா இல்லம்மா. உன்னைச் சோதிக்கக் கல்லூரி அனுப்பின மனுஷ உருவ இயந்திரம். வருஷா வருஷம் அனுப்புவாங்க."

"அப்போ உங்களுக்கு முன்னாலயே தெரியும்! அந்தப் பையன் பேரைக் கேட்டு வச்சு, மூணு வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து ஜெபிச்சேன். பக்கத்துல நின்னு நீங்களும் ஆமென் சொன்னீங்களே சார்!"

அவர் தலை குனிந்தார்.

அப்போது ஒரு பெண் தயங்கியபடி உள்ளே வந்தாள். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டதாம். அதைப் பற்றிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டாள். அதுவும் வெளியே கொடுக்கக் கூடாத புத்தகம்.

"மறுதேர்வு இன்னைக்கே தொடங்கும்னு சொல்லியிருக்காங்க, கவனம்" என்று சாலமோன் முணுமுணுத்தார்.

"இவங்களாவது மனுஷியா சார்?"

"யாரை அனுப்புவாங்கன்னு இந்தத் தடவை எனக்கும் சொல்லலைம்மா."

பெனிட்டா அந்தப் பெண்ணின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"புத்தகத்தைத் தர முடியாதுக்கா. உக்காருங்க, வேணுங்கிறதை நானே எழுதித் தாரேன்."

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அப்பாவின் பெயரை மட்டும் கேட்கவில்லை.