பிரேக்கின் பிடி

கழற்றினேனா?

உருகிய இரும்போடு வாளி மேலே ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

காலையில் கிரேன் மேல் ஏறி, மோட்டாரின் பேரிங்குக்குக் கிரீஸ் அடித்திருந்தாள். அடிப்பதற்கு முன் அடியில் இருக்கும் சின்னத் திருகைக் கழற்ற வேண்டும். பழைய கிரீஸ் அந்த வழியாக வெளியே வரும்.

கழற்றாவிட்டால் உள்ளே போகும்.

உள்ளே இருப்பது பிரேக். கிரீஸ் பட்டால் அதன் பிடி வழுக்கும்.

ஸ்பானரை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குனிந்து பதில் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருப்பது கிரீஸ் கன்னின் கைப்பிடி மட்டும்.

அடித்து முடித்ததும் வெறும் கொக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தாள். நின்றது.

வெறும் கொக்கி எப்படியும் நிற்கும்.

வாளி ஏறி முடித்தது. மோட்டார் ஓய்ந்தது. இனி அந்த ஒன்றரை டன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக் ஒன்றுதான்.

கிரேன் ஓட்டும் செங்கோடன், தொங்கும் பட்டன் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாளியோடு கூடவே நடந்தார். வாளி அச்சுகளை நோக்கி நகர்ந்தது. அங்கே இரண்டு பேரோடு நாச்சிமுத்து காத்திருந்தார். வாளியைச் சாய்த்து இரும்பை ஊற்றுகிறவர்.

அவள் இந்த ஃபவுண்டரியில் மெயின்டெனன்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியிடம் போய் நின்றவரும் அவர்தான்.

"பொம்பளப் புள்ள தொட்ட கிரேனுக்குக் கீழ நான் நிக்க மாட்டனுங்க."

முதலாளி சிரித்து அனுப்பிவிட்டார். அதே கிரேனுக்குக் கீழேதான் நாச்சிமுத்து நின்றார். இன்றும் நிற்கிறார்.

இப்போது நிறுத்தச் சொன்னால் இரும்பு ஆறிப்போகும். அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும். பிறகு எந்த மோட்டார் பக்கமும் அவளை விடமாட்டார்கள்.

சொல்லாவிட்டால்?

வாளி ஒரு விரற்கடை இறங்கியது போலிருந்தது. அனலில் எல்லாமே அசைகிறது. கண்ணை நம்ப முடியவில்லை.

தூணில் சிவப்பு பட்டன். கை அதன் பக்கம் போய் நின்றது. அழுத்தினால் கரண்ட் போகும். வாளியை நகர்த்தவும் முடியாது, இறக்கவும் முடியாது. அங்கேயே, அதே பிரேக்கில் தொங்கும்.

ஓடினாள்.

"அங்க கொண்டு போகாதீங்கண்ணா! ஓரமா மணல்ல இறக்கிடுங்க. பிரேக்கு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு."

செங்கோடன் அவள் முகத்தைப் பார்த்தார். வாளியைத் திருப்பினார்.

"தள்ளிப் போங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!" கத்திக்கொண்டே அவள் அச்சுகள் பக்கம் ஓடினாள்.

மற்ற இருவரும் ஓடினார்கள். நாச்சிமுத்து அசையவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கைய உடு புள்ள!"

விடவில்லை. சுவர்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

வாளி மணலில் உட்கார்ந்தது.

இரும்பின் மேல் கறுப்பாக ஏடு படிய ஆரம்பித்தது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். பிரேக்கின் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள்.

சொரசொரப்பு. வழுவழுப்பே இல்லை.

பேரிங்கின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். பழைய கிரீஸ் வெளியே வந்து திரண்டிருந்தது. திருகைக் கழற்றியிருக்கிறாள். திரும்ப மாட்டியும் இருக்கிறாள்.

"என்னாச்சு மரகதம்?" கீழேயிருந்து செங்கோடன்.

ஒரு விரல் கிரீஸ் போதும். பிரேக்கில் ஒரே ஒரு தீற்று. இந்த உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்? தப்பு நடந்தது, நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடலாம். நிறுத்தியது வீண் பயம் என்று ஆகாது.

விரலில் கிரீஸ் இருந்தது.

சட்டையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"காஞ்சுதான் இருக்குங்கண்ணா. பிரேக் நல்லா இருக்கு. நாந்தான் பயந்துட்டேன்."

சிரிப்புச் சத்தம் வருமென்று காத்திருந்தாள். யாராவது சிரித்திருந்தால் இறங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

மூடியை மாட்டிவிட்டு இறங்கி, மெயின் சுவிட்சைப் போட்டாள். ஆறிய இரும்போடு அந்த வாளியை மணலிலேயே விட்டார்கள். அடுத்த உலை தயாராகிவிட்டது. வேறொரு வாளியில் இரும்பை நிரப்பினார்கள். கொக்கியை மாட்டினார்கள்.

செங்கோடன் பட்டனை அழுத்தவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"தூக்கலாமா?"

இதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிரேக் நன்றாக இருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தவள் அவள். ஆனாலும் வெறுமனே சரி என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"வாளி போற வழியில யாரும் நிக்கக்கூடாது. அப்புறம் தூக்குங்க."

நாச்சிமுத்து ஏதோ முணுமுணுத்தார். உலைச் சத்தத்தில் கேட்கவில்லை.

அவள் முகத்தைப் பார்க்காமல், நாலு எட்டு பின்னால் போய் நின்றார்.