ஆமைப் பக்கம்

லீமாவை முதலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கஸ்பாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு வருடம் இந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்தவர். மூத்தவரான தன்னைத்தான் முதலில் உட்கார வைப்பார்கள் என்று நம்பியிருந்தார்.

டைப்ரைட்டர்கள் இரண்டையும் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்க டீச்சர் விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் மேசையில் இருந்தது. இனி ஆபீஸுக்கு டைப்பிஸ்ட் இரண்டு பேர் வேண்டாம், ஒரு ஆள் போதும். இன்றைய பரீட்சையில் தேறாதவர் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம்.

மூன்று வாரமாக இருவரும் பழகினார்கள். மதியம் வரை கஸ்பார். அவர் கிளம்பிப் போனபிறகு லீமா.

கம்ப்யூட்டரோடு சோப்புக்கட்டி அளவில் ஒரு மவுஸ். அதை மேசையில் நகர்த்தினால் திரையில் ஒரு சின்ன அம்பு நகரும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் கஸ்பாரின் வலது கை இரண்டு வருடமாக நடுங்குகிறது. கோடைக்கானலில் அதை மறைப்பது சுலபம். யாராவது பார்த்தால், குளிர் என்பார்.

முதல் நாள் அம்பு அவர் கையில் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளியது. இங்கே வைத்தால் அங்கே ஓடியது. என்னதான் இருக்கிறது இந்தப் பெட்டிக்குள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனதில், ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது.

ஒரு ஓரத்தில் ஆமைப் படம். மறு ஓரத்தில் முயல். நடுவே ஒரு கோடு, அதில் ஒரு குமிழ்.

இதுகள் இரண்டும் எப்போது அமெரிக்கா போய்ச் சேர்ந்தன என்று வியந்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் விளங்கியது, அது அம்பின் வேகம்.

முயலை ஒட்டிக்கிடந்த குமிழை ஆமைப் பக்கம் தள்ள அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பிடிப்பார், கை உதறும், நழுவும். மறுபடி பிடிப்பார்.

தள்ளியதும் அம்பு அடங்கிவிட்டது. கை எவ்வளவு ஆடினாலும் அது நிதானமாக நடந்தது. மப்ளரை மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாற்பது பிள்ளைகளின் பெயரை ஒரே மூச்சில் வரிசைப்படுத்தினார். அன்று நாயுடுபுரம் ஏற்றத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் குமிழ் அவர் விட்ட இடத்திலேயே, ஆமையிடமே இருந்தது. இன்று காலையும் பார்த்துவிட்டார்.

ஆக, அந்தக் கட்டம் லீமாவுக்குத் தெரியாது.

அப்படியானால் ஊர்ந்து போகும் அம்பை வைத்துக்கொண்டு இந்தப் பெண் சாயங்காலம் வரை என்னதான் செய்கிறாள்? மூன்று வாரமாக இந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. பாவமாகவும் இருந்தது. ஒருநாள் சும்மா கேட்பதுபோல், எப்படிப் போகிறது என்று கேட்டுப் பார்த்தார்.

"அது பாட்டுக்குப் போகுது சார். நீங்க டைப் அடிச்சா மாடி கிளாஸ்ல தூங்குற பிள்ளைக முழிச்சுக்கும். இதுல அந்தத் தொந்தரவு இல்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று நேரில் பார்க்கப்போகிறார். கஸ்பார் நாற்காலி நுனிக்கு வந்தார்.

பரீட்சை வைக்க மதுரையிலிருந்து வந்திருந்த பாதர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "பத்து நிமிஷம். வெரசா ஆகட்டும்மா. பதினோரு மணி பஸ்ஸ விட்டா வத்தலக்குண்டு வரைக்கும் எனக்கு நடைதான்."

லீமா எதையும் தேடவில்லை. உட்கார்ந்த மறுநொடி அந்தக் கட்டம் திறந்தது. குமிழ் முயலிடம் போய் நின்றது.

கஸ்பார் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

அம்பு பறந்தது. அவள் கை அசைந்ததாகவே தெரியவில்லை. பெயர்கள் இடம் மாறின, பட்டியல் மேலே ஏறியது, கீழே இறங்கியது. கண்ணை எடுக்க முடியாதபடி அழகாகத்தான் இருந்தது.

எப்போது கண்டுபிடித்தாள்? நேற்றா? போன வாரமா?

அடுத்தது அவர் முறை. முயல் வேகத்தில் அந்தக் குமிழைப் பிடிக்கவே இந்தக் கைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அதுவும் பாதரின் கண் முன்னால். கஸ்பார் வலது கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டார்.

ஏழாவது நிமிடத்தில் லீமா முடித்தாள். பாதர் திருப்தியாகத் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். "கஸ்பார், நீங்க வாங்க."

லீமா எழுந்திருக்கவில்லை. கட்டம் மறுபடி திறந்தது. குமிழ் கோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஆமைப் பக்கம் போனது.

"அதான் முடிஞ்சிருச்சே. இன்னும் என்னத்தம்மா நோண்டிக்கிட்டு?" என்றார் பாதர்.

"ஒண்ணுமில்ல பாதர்" என்றாள் லீமா, நாற்காலியைப் பின்னால் தள்ளியபடி. "தெனமும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி செய்யிறதுதான்."