நூற்றுப் பதினேழாம் உறை

அரக்குதான் முதலில் உருகியது. அதன் பிறகே காகிதம் பற்றியது.

கொண்டப்பநாயக்கன்பட்டி பங்களாவின் பின்புறம், புங்க மரத்தடியில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டியல். அவர் எண்ணைச் சொல்வார். சென்றாயன் அறைக்குள் போய் அந்த உறையை எடுத்துவந்து, அரக்கு உடையாமல் இருப்பதைக் காட்டிவிட்டுக் குழியில் போடுவான். காவலாள் சுப்பையன் கம்பால் கிளறிவிடுவான்.

நாளை கொடி மாறுகிறது. இன்று பொழுது சாய்வதற்குள் அறை காலியாக வேண்டும் என்று டில்லியிலிருந்து உத்தரவு.

யுத்தத்தின்போது மதராசிலிருந்து லாரியில் வந்த உறைகள் அவை. எல்லாவற்றின் மேலும் ஒரே வாசகம். அரசப் பிரதிநிதியின் அனுமதியின்றிப் பிரிக்கலாகாது.

எது ரகசியம், எது ரகசியமில்லை என்று சொல்லும் அதிகாரம் அந்த வைஸ்ராய் ஒருவருக்குத்தான். துரைகூட அவர் பெயரைச் சொல்லித்தான் பிரித்தார். அவர் பெயரைச் சொல்லித்தான் மறுபடி அரக்கு வைத்தார்.

“ராசா சொன்னாத்தான் பிரிக்கோணும்னு அஞ்சு வருசமாக் காவல் காத்தமப்பா,” என்றான் சுப்பையன். “இப்பப் பாரு, நெருப்பு பிரிச்சுப் படிக்குது. ஏஞ் சென்றாயா, அதுக்குத் தாக்கீது வந்துதா?”

சென்றாயன் சிரிக்கவில்லை.

அவன் இந்த வேலைக்கு வந்ததே ஓர் உறைக்காக.

நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்ததாகச் சொல்லி, மேச்சேரியில் அவன் தம்பி குழந்தைவேலைப் பிடித்துப் போனார்கள். எந்த ஜெயிலிலும் அந்தப் பெயர் இல்லை. அலைந்ததில் ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு ஓர் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணுள்ள காகிதம் எந்தப் பங்களாவில் இருக்கிறது என்பதையும் சொன்னார்.

சென்றாயன் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லித் தூசு தட்டும் வேலையில் சேர்ந்தான். முதல் வாரமே நூற்றுப் பதினேழைக் கண்டுபிடித்துவிட்டான்.

தினமும் சாயங்காலம் துரை அரக்கு முத்திரைகளைச் சரிபார்ப்பார். ஒன்று உடைந்திருந்தாலும் ஜெயில். அவன் மேலே துடைப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

முதல் வருஷம் அந்த உறையில் மாதாமாதம் புது அரக்கு இருந்தது. ஏதோ புதிதாக உள்ளே போகிறது, ஆள் இருக்கிறான் என்று மேச்சேரிக்குப் போய்ச் சொன்னான். தம்பி மனைவி பூவாத்தாள் அன்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினாள்.

பிறகு மூன்று வருஷமாக அரக்கு மாறவில்லை. அதை அவன் சொல்லவில்லை.

போன வாரம் அவள் வாசலிலேயே வழிமறித்தாள்.

“தாலியக் கட்டீட்டு இருக்கோணுமா, கழட்டோணுமா? அது ஒண்ணு மட்டும் பாத்துட்டு வாங்க மாமா.”

துரை பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த எண்ணைச் சொன்னார்.

நூற்றுப் பதினேழு.

சென்றாயன் உள்ளே போனான். அலமாரிகள் பாதி காலி. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டை விரலால் அரக்கை உடைத்தான். விரலை நெட்டி முறித்ததுபோல் ஒரு சின்னச் சத்தம்.

உள்ளே கடிதங்கள். பென்சில் எழுத்து. எல்லாம், ‘அண்ணனுக்குக் குழந்தைவேல் எழுதிக்கொண்டது’ என்று ஆரம்பித்தன. ஒன்றிலும் தபால் முத்திரை இல்லை.

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. அடியிலிருந்து கடைசிக் கடிதத்தை உருவினான்.

‘இது எந்த ஊர் என்று இன்னும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் கிடையாது. காகிதம் மட்டும் கேட்டபோதெல்லாம் தருகிறார்கள். நீங்கள் பதில் போடாதது ஏன் என்று கேட்டால் பேசுவதில்லை.

எனக்குப் புத்தி பிசகுகிறதோ என்று பயமாக இருக்கிறது. தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து தூசு தட்டுகிறார்கள். தட்டிக்கொண்டே, ஆடு மடக்கும்போது நாம் நாக்கை மடித்துச் சத்தம் கொடுப்போமே, அதைக் கொடுக்கிறார்கள். இரண்டு சின்னது, ஒன்று நீளம். நீங்கள் கொடுப்பது போலவே.

கூப்பிட்டுப் பார்த்தேன். சுவர் கனம், குரல் போகவில்லை. நேற்று சாப்பாட்டுத் தட்டால் சுவரைச் சுரண்டினேன். அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. நின்று கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

இனி தினமும் சுரண்டுவேன்.’

சென்றாயன் சுவரைப் பார்த்தான். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்.

“என்னப்பா, ராசாவுக்கு வந்த கடுதாசிய நீ படிச்சுக்கிட்டு இருக்கியா?” வெளியே சுப்பையன் சிரித்தான். “வெரசா வா. நெருப்பு அமருது.”

உறையின் அடியில் இன்னும் ஓர் அரைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பிரித்தான்.

அது குழந்தைவேலின் எழுத்து அல்ல. கோணல் கோணலாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதிய மனு. எழுதிக் கொடுத்தது இப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

‘எஜமான் சமூகத்துக்கு. காகித அறைச் சுவருக்குப் பின்னால் நாலு நாளாகச் சுரண்டுகிற சத்தம். எலி என்று தெரிகிறது. விட்டால் சர்க்கார் காகிதத்துக்குச் சேதம். மருந்து வைக்க உத்தரவாக வேண்டும். இப்படிக்கு, சென்றாயன்.’

கீழே சிவப்பு மையில், ஆங்கிலத்தில் ஒரு சொல்.

அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். லீவு கேட்டு அவன் கொடுத்த மனுக்களில் எல்லாம் அந்தச் சொல்தான் இருக்கும்.

அனுமதிக்கப்பட்டது.