மிளகாய் விழுது

திருநகர் வீட்டு அடுப்படியில், ஜன்னல் வழியே விழும் மத்தியான வெயிலில், ஆஷ்லின் வெறுங்கையால் மீனுக்கு மிளகாய் விழுது தடவுகிறாள். கண்ணாடி அறுத்து, மணிக்கட்டில் அறுந்த நரம்பை டாக்டர் தைத்ததிலிருந்து அந்தக் கைவிரல்களில் உணர்ச்சியே இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். "எரியாத கை! நம்ம வீட்டு மொளகாக் காண்ட்ராக்ட் பூரா உனக்குத்தான்" என்று நர்சிங் படிக்கும் அண்ணன் டோனி சீண்டுகிறான். அவள் திடுக்கென்று கையை உதறுகிறாள். "அண்ணே, எரியுதுண்ணே!" "நடிக்காத புள்ள." குழாயில் கழுவி, விரல்களை வெயிலில் நீட்டுகிறாள். விழுது படாத இடம்வரை சிவப்பு மெல்லப் பரவுகிறது. டோனி குனிந்து பார்க்கிறான், சிரிப்பு நின்றுவிடுகிறது. "மொளகாக் காரம் நரம்புல இருக்குற பொடிப்பொடிக் கதவத் தொறக்கும். நரம்பு உசுரோட இருந்தாத்தான் பக்கத்து ரத்தக்குழாய விரியச் சொல்லும். அதான் இம்புட்டுச் செவப்பு. நரம்பு வளந்து வந்துருச்சுடி!" "செத்த கைதான்னு ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேண்ணே. ஒருத்தர்ட்டயும் சொல்லல." அம்மா தயிர்க் கிண்ணத்தோடு ஓடிவருகிறாள். ஆஷ்லின் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். "இருங்கம்மா, இன்னுங் கொஞ்சம் எரியட்டும்."